நம்பர் போட்ட பலாமரங்கள்

செங்குட்டுவனை நெய்வேலி டவுன்ஷிப்பில் தெரியாதவர்கள் குறைவு. விடியற்காலையில் பால் வண்டிக்கு முன்னால் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒல்லியான ஆள் அவன்தான். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் டெக்னீஷியன். பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, மறு வருஷமே சர்க்கரை வியாதியும் வாங்கிக்கொண்டான். டாக்டர் நடக்கச் சொன்னார். இவன் ஓட ஆரம்பித்தான். எதையும் சொன்ன அளவோடு நிறுத்தத் தெரியாத ஆள்.

நான் ஜெயராமன். அவனோடு அதே பிரிவில், அதே ஷிப்டில் வேலை பார்த்தவன். எனக்கு ஓட்டம் ஆகாது. பஸ் கிளம்பினால்கூட அடுத்த பஸ் வரும் என்று நிற்கிறவன் நான். அவன் மனைவி தமிழ்மொழியும் என் கட்சிதான். "கேஸ் சிலிண்டரத் தூக்கி வையின்னா இடுப்பப் புடிச்சிக்கினு நிப்பாரு. ஓடறதுன்னா மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருதோ தெரியலண்ணே" என்பாள்.

அவனுக்கு ஓட்டத்தைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று இருந்தது. காடாம்புலியூர்ப் பக்கத்துப் பழைய பலாமரங்கள். அவன் அப்பா அங்கே தோப்புத் தோப்பாகப் போய் முந்திரிக்கொட்டை பொறுக்கிக் கூலி வாங்கியவர். மதியத்தில் பலாமரத்து நிழலில் மகனைத் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போவாராம். 2011 கடைசியில் தானே புயல் அடித்த மறுநாள் செங்குட்டுவன் அங்கே போய்விட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நூறு வருஷத்து மரமெல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்ததாம். தப்பி நின்றவற்றில் பெரிய தோப்பு பன்னீர்செல்வத்துடையது. புயலுக்குத் தப்பியதை மனுஷன் விடுவானா? அடுத்த சில வருஷங்களில் அக்கம்பக்கத்துத் தோப்புகள் மனைக்கும் மரக்கடைக்கும் போக ஆரம்பித்தன.

அதற்குத்தான் 2015 மே மாதம் பலா ஓட்டம் என்று ஒன்றை ஏற்பாடு செய்தான். டவுன்ஷிப் ஓரத்தில் புறப்பட்டு, முந்திரிக்காட்டு செம்மண் தடத்தில் போய், பன்னீர்செல்வம் தோப்பைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போக வர முப்பது கிலோமீட்டர். "வெளியூர்க்காரன் வந்து நம்ம மரத்த அண்ணாந்து பாத்துட்டுப் போனான்னா, அப்புறம் வெட்ட மனசு வராதுண்ணே" என்பான். அவன் கணக்கு அவ்வளவுதான். எனக்கும் அது நல்ல கணக்காகத்தான் பட்டது. சென்னை, புதுச்சேரியிலிருந்தெல்லாம் ஆட்கள் பெயர் கொடுத்தார்கள்.

பன்னீர்செல்வத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டாயிற்று. நானும் கூடப் போயிருந்தேன். அவர் லாரியில் பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். "ஓடிட்டுப் போங்கப்பா, நிலம் என்னா தேஞ்சா போயிடும்?" என்று சிரித்தார். அவர் மனைவி அமிர்தம் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆம்பளையிடம் சொன்னால் வீட்டுக்கே சொன்ன மாதிரி என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் இருக்கிறோம்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு செங்குட்டுவன் தனியாகப் போய்த் தடம் குறித்துவிட்டு வந்தான். ரிப்பன் கட்டினால் ஆடு தின்றுவிடும், சுண்ணாம்பு போட்டால் மழையில் கரைந்துவிடும். அதனால் பாதையோரத்துப் பெரிய மரங்களில் எல்லாம் வெள்ளைப் பெயிண்டில் பட்டை அடித்து, அதன்மேல் சிவப்பில் வரிசையாக நம்பர் போட்டான். மைன்ஸில் பெல்ட் எங்கே நின்றாலும் பக்கத்துத் தூணில் இருக்கிற நம்பரைத்தான் போனில் சொல்வோம், ஆள் நேராக அங்கே வந்துவிடுவான். ஓடுகிறவன் எவனாவது மயங்கி விழுந்தால் அதே மாதிரி மரத்து நம்பரைச் சொல்லட்டும் என்று யோசித்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது ஷிப்ட். யூனிபாரத்தோடு, ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு போய் வேலையை முடித்துவிட்டு நேராக ட்யூட்டிக்கு வந்தான். எனக்குக்கூட நல்ல யோசனை என்றுதான் தோன்றியது.

ஓட்டத்தன்று எனக்குத் தண்ணீர், மோர், வாழைப்பழம் பொறுப்பு. எல்லாவற்றையும் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு, ஓடுகிறவர்களுக்கு முன்னால் தோப்புக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டி ஓட்டிய சிங்காரவேல் ஒரு வளைவில் சடாரென்று பிரேக் போட்டான்.

"வழி மாறிட்டமா சார்?"

வழி மாறவில்லை. எதிரே மேட்டில் பன்னீர்செல்வம் வீடு இருந்தது. முன்பெல்லாம் அந்த வீடு ரோட்டிலிருந்து தெரியாது, மரங்கள் மறைத்திருக்கும். இப்போது ஓடு, கொடிக்கயிறு, கயிற்றில் காய்கிற துணி எல்லாம் தெரிந்தன. நடுவில் வெறும் வானம். நான் இறங்கி நடந்தேன். தரையெங்கும் மஞ்சள் மஞ்சளாக வெட்டிய அடிமரங்கள், அவற்றின் ஓரத்தில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. துண்டு போட்ட கட்டைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஏதோ ஒரு கட்டையில் வெள்ளைப் பட்டையும் சிவப்பு நம்பரும் இருந்தன.

அமிர்தம் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார். கையில் எண்ணெய் தடவியிருந்தார். சுற்றிலும் பிஞ்சும் காயுமாகக் குவிந்து கிடந்தன.

"வாங்க. அவரு லோடு ஏத்திக்கினு வடக்க போயி பத்து நாளாச்சி, போனும் கிடைக்கல. ஓட்டப்பந்தயக்காரங்க வராங்கன்னு நேத்துதான் ஊர்ல பேசிக்கினாங்க. மரந்தான் போச்சி, பழத்தயாவது தின்னுட்டுப் போவட்டும்."

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"நிலத்த மைன்ஸ்க்கு எடுக்கப் போறாங்க. யூனிபாரம் போட்ட ஆளு வந்து நம்பர் போட்டுட்டுப் போனான்னு ஆடு மேய்க்கிறவ சொன்னா. வந்து பாத்தா ஆமா. நான் பொறந்த ஊரும் இப்படி மரத்துக்கு நம்பர் போட்டுத்தான் போச்சி. எங்கப்பா வெட்ட மனசு வராம கடைசி நாள் வரைக்கும் மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினே இருந்தாரு. அப்புறம் ஒரு கதவுக்குக்கூட கட்டை எடுத்துக்கினு வர முடியல. அந்தத் தப்ப நான் செய்யக் கூடாதுன்னு ஆள வுட்டு வெட்டிட்டேன். எங்க போனாலும் இந்தக் கட்டையில ஒரு வாசக்காலாவது வைக்கலாம் இல்ல?"

நான் செங்குட்டுவனுக்குப் போன் போட்டேன். மணி எங்கள் வண்டிக்குள்ளேயே அடித்தது. போனை என் பையில் போட்டுவிட்டு ஓடப் போயிருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் முதல் கூட்டம் வந்தது. எல்லோர் சட்டையிலும் பலாமரப் படம். வழி காட்டுகிறவனாக அவன்தான் முன்னால் வந்தான். வளைவில் திரும்பியதும் ஓட்டம் நடையானது, பிறகு நடையும் நின்றது. பின்னால் வந்த ஒருத்தர், "பெரிய தோப்புன்னு சொன்னீங்களே, எங்க சார்?" என்று கேமராவை எடுத்தார். அவன் கட்டைகளிடம் போய்த் தன் நம்பர் மேல் கையை வைத்தான். அவன் உதடு வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நான் அவனை ஓரமாக இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "வாயத் திறக்காத. மைன்ஸுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க, அப்படியே இருக்கட்டும். ஊரே சேர்ந்து உன்னக் கொன்னுடும்" என்றேன். நான் சொன்னது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அமிர்தம் முன்னால் போய் நின்றான். அவர் சுளையை நீட்ட, அவன் கை அதுபாட்டுக்கு வாங்கிக்கொண்டது.

"அக்கா, நம்பர் போட்டது நான்தான். மைன்ஸ் இல்ல. இவங்க ஓடறதுக்கு வழி தெரியட்டும்னு போட்டேன்."

அமிர்தம் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப நிலத்த எடுக்கலியா?"

"இல்லக்கா. உங்க நிலம் உங்களுதுதான்."

அவர் சத்தம் போடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் குரல் ஏறவே இல்லை. "நீ பெயிண்ட் போட்டப்ப நான் பின்னால வூட்லதான் இருந்தேன். ஒரு குரல் குடுத்திருக்கலாமே தம்பி" என்றார்.

செங்குட்டுவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நாற்பது வயசு ஆள், ஊர்பேர் தெரியாதவர்கள் நடுவில். ஓட வந்தவர்கள் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்கு உறைத்தது. வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, எங்கேயோ மோட்டார் ஓடுகிறது என்று விட்டிருக்கிறேன். மெஷின் ரம்பம்.

"பின்பக்கம் வைத்திலிங்கம் தோப்பு" என்றார் அமிர்தம். "அவரு மரத்துலயும் நம்பர் இருக்கு, நான் வெட்டினதப் பாத்துட்டு அவரும் இன்னிக்கு ஆள் வச்சிருக்காரு. அதுக்கு அந்தாண்ட ரெண்டு தோப்புலயும் நாளைக்குன்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீ இங்க குந்திக்கினு அழுவுறியே, உன் நம்பர் எது வரைக்கும் போவுது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஓடு" என்றார் அவர்.

ஓடினான். பதினைந்து கிலோமீட்டர் ஓடிவந்த கால்கள். தினமும் ஓடும் ஒழுங்கெல்லாம் போய், கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக, வேலியில் சட்டை மாட்டிக் கிழிய, முந்திரிக்கிளைக்குக் குனியாமல் முகத்தில் அடிவாங்கிக்கொண்டு ஓடினான். வண்டி நுழையாத முந்திரிக்காட்டுக்குள் புகுந்ததும் ஆள் கண்ணுக்கு மறைந்துவிட்டான். நாங்கள் ரம்பச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

திடீரென்று சத்தம் நின்றது.

"போய்ச் சேந்துட்டான்" என்றேன். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அமிர்தம் தலையை ஆட்டினார். "இல்ல. விழும்போதுதான் நிறுத்துவாங்க."

விழுந்தது. காலுக்கடியில் தரை அதிர்ந்தது. காக்கைகள் கிளம்பிக் கத்தின. அமிர்தம் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து, அடுத்த மரத்துக்கு ரம்பம் எப்போது கிளம்பும் என்று காது கொடுத்திருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று. ரம்பம் கிளம்பவில்லை. அது இனிமேல் கிளம்பாது என்று தெரிந்த பிறகுதான், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவர் அழுதார்.