கொம்பறுப்பவரின் பிரசங்கம்

மாணவர்களை மனிதர்களாக்குவதுதான் அந்தக் காலத்துப் பல்கலைக்கழகத்தில் ஃபைட் க்ரும்ஹோல்ஸுக்கு வேலை. புதிதாகச் சேர வருகிறவனை மிருகமாகப் பாவிப்பது அங்கே வழக்கம். அவன் தலையில் கொம்பு வைத்த தொப்பியை மாட்டி, வாயில் பன்றிப்பல்லைச் செருகி நிறுத்துவார்கள். க்ரும்ஹோல்ஸ் கோமாளி உடையில் வந்து கொம்பை மரக்கோடரியால் வெட்டி, பல்லை இடுக்கியால் பிடுங்கி, இழைப்புளியால் முதுகை இழைத்து, கடைசியில் மேசைமேல் ஏறி ஒரு போலிப் பிரசங்கம் செய்வார். பீரைப் பற்றியோ வாத்தைப் பற்றியோ இருக்கும் அது. பேராசிரியர்கள்கூட வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

இத்தனைக்கும் அவர் இறையியல் படித்தவர். போதகர் வேலை கிடைக்கும்வரை என்று போட்ட வேஷம், தலை நரைத்தும் கழலவில்லை. வெட்கங்கெட்ட பிழைப்பு என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் சிரிக்கவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதுவே வினையாகப் போயிற்று.

மகள் உர்சல் கொள்ளைநோயில் போன பிறகு, மனைவி ஒட்டீலிக்கு அந்தக் கோமாளிச் சட்டையைக் கண்டாலே ஆகவில்லை. அடுத்த வசந்தத்தில் க்ருண்டல்பாக் கிராமத்துப் போதகர் இடம் காலியானது.

"இது மட்டும் கெடைச்சா அந்தச் சட்டைய அடுப்புல போட்டுடுவேன்" என்றாள்.

அந்த வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க வைத்த சோதனைப் பிரசங்கத்துக்கு மகளைப் பற்றியே எழுதிக்கொண்டு போனார். முன்வரிசையில் தலைமைப் போதகர் ரீம்ஷ்னைடரும் மற்றப் போதகர்களும். எல்லோரும் ஒருகாலத்தில் இவரிடம் கொம்பறுபட்டவர்கள்தான். க்ரும்ஹோல்ஸ் பீடத்தில் ஏறித் தொண்டையைச் செருமியதுமே ரீம்ஷ்னைடர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

"பிள்ளையைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் முதலில் என்ன செய்வான்? அவள் கஞ்சி குடித்த கிண்ணத்தைக் கழுவி வைப்பான்."

ரீம்ஷ்னைடரின் தோள்கள் குலுங்கின. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. கிராமத்தார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

வெளியே வந்ததும் ரீம்ஷ்னைடர் உண்மையாகவே வருந்தினார். இந்த இடம் கிடைக்காது என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாயத் தொறந்தாலே என் பல்லப் புடுங்குனதுதான் கண்ணு முன்னால வருது."

"அழுதுகிட்டேதான்யா சொன்னேன்" என்றார் க்ரும்ஹோல்ஸ்.

"அதுலதான் சிரிப்ப அடக்கவே முடியல."

இலையுதிர்காலத்தில் புது மாணவர்கள் வந்தார்கள். ஒட்டீலி அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடுத்தாள். அவர் கொம்புகளை வெட்டினார், பற்களைப் பிடுங்கினார், மேசைமேல் ஏறினார். வாத்தும் வரவில்லை, பீரும் வரவில்லை. ஒரு தடவையாவது யாராவது கேட்கட்டும் என்று அந்தக் க்ருண்டல்பாக் பிரசங்கத்தையே சொன்னார், ஒரு சொல் மாற்றாமல். கிண்ணத்தைக் கழுவிய இடத்தில் கூடமே அதிர்ந்தது.

எல்லாம் முடிந்தபின் துறைத்தலைவர் சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்தபடி வந்து அவர் தோளைத் தட்டினார்.

"இத்தன வருஷத்துல இதுதான்யா உச்சம். வர்ற வருஷமும் இதையே பண்ணிடுங்க."

க்ரும்ஹோல்ஸ் கோமாளித் தொப்பியைக் கழற்றி, வழக்கம்போல் குனிந்து வணங்கினார்.