செண்பகம் பி.எட். படித்த வருடம்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதற்கு அது மேல். தொலைக்காட்சித் தொடரில் வரும் ஒரு தம்பியை ஒரு வருடம் முழுக்க வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். தண்டம், தடிமாடு, சோற்றுக்குக் கேடு என்று எல்லாம். அந்தத் தம்பி நான்தான் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் என்னை நம்பிக் கொடுக்கிற ஒரே வேலை அது. கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டே போன என் மனைவி ஓரிடத்தில் விரலை நிறுத்த, பழைய தொடர் ஒன்றின் தொடக்கப் பாட்டு கிளம்பியது. பாட்டு காதுக்குள் இறங்குவதற்கு முன்பே என் மூக்கில் குடிகாட்டு வாடை ஏறிவிட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். குடிகாடு தொழிற்பேட்டை நெருங்கும்போது பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள்; தூங்குகிறவர்கூடக் கண்ணைத் திறக்காமலே சாத்துவார். ஒருநாள் அழுகிய முட்டை, ஒருநாள் எரிந்த நகப்பூச்சு, ஒருநாள் எதற்கென்று தெரியாமல் பலாப்பழம். 2005-இல் அங்கே ஒரு சாயக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் தின்ற புளிசாதத்தை அப்படியே கம்பெனி வேலியோரம் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றபோது, எனக்கு முன்பே அங்கு சேர்ந்திருந்த பன்னீர் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னான்.

“ஒரு வாரம் பொறுத்துக்க மச்சான். வாடை போவாது. மூக்கு செத்துடும்.”

வருடக்கணக்கில் ஓடும் தொடர்கள் கடைசிவரை நன்றாக இருக்குமா என்று யாராவது என்னைக் கேட்டால் பன்னீரின் இந்த வாக்கியத்தைத்தான் பதிலாகச் சொல்வேன். ஆனால் என் விஷயத்தில் மூக்கு மட்டுமல்ல, காதும் செத்திருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தத் தொடர் 2004-இல் தொடங்கியது. கதாநாயகி பெயர் செண்பகம். அப்போது நான் வேலையில்லாமல் சிதம்பரத்தில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான்தான், அதாவது ஒரு தோள்பையும் இரண்டு லுங்கியும். இரவு எட்டு மணிக்கு இருவரும் தொடர் பார்ப்போம். உண்மையிலேயே நன்றாக இருந்தது. செண்பகம் சாதாரணப் புடவை கட்டினாள். வியர்த்தாள். ஒரு காட்சியில் அவள் மாவு அரைத்தபோது கிரைண்டர் சத்தத்தில் வசனமே கேட்கவில்லை. அக்கா சொன்னாள், “இது நெசமா எடுத்திருக்காங்கடா.”

எனக்கு வேலை கிடைத்துக் கடலூர் முதுநகரில் ஓர் அறைக்குக் குடி போனேன். அறையில் டிவி இல்லை. காலையில் தூங்க வசதியாக இருக்கும் என்று மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரையிலான ஷிஃப்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தொடர் போய்விடுமே என்று அக்காவிடம் புலம்பினேன். அவள், “கதைய நான் சொல்றேன், நீ ஒழுங்கா வேலையப் பாரு” என்றாள். அன்றிலிருந்து எட்டே முக்காலுக்கு ஆய்வகத்துப் பச்சை போன் அடிக்கும். நான் ஒரு கையில் சோதனைக் குழாயும் ஒரு கையில் ரிசீவருமாகச் செண்பகத்தின் வாழ்க்கையைக் கேட்பேன். பத்து நிமிடம்.

தொடர் வளர வளர இன்னும் நன்றாகிக்கொண்டே போனதுதான் ஆச்சரியம். 2007-இல் அது உச்சத்துக்குப் போனது. செண்பகம் பி.எஸ்சி. கணக்கு படித்தவள் என்று தெரியவந்தது.

“இத எப்பச் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“முன்னாடியே சொல்லியிருக்காங்க. நீதான் மறந்துட்ட.”

அவள் பி.எட். படிக்க விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள். கல்லூரி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். புருஷன் நல்லவன், ஆனால் வாயில்லை. மாமனார் மட்டும், “அடுப்ப யாரு பாக்கறது?” என்ற ஒரே கேள்வியைச் செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல் கேட்டார். அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வழிதான் இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆண்பிள்ளை தட்டில் பழமும் பாக்கும் வைத்து எடுத்துவந்து, எதிரே உட்கார்ந்து, “எங்க வூட்டுப் பொண்ணு படிக்கணும் மாமா” என்று சொல்ல வேண்டும். அப்படி வந்து கேட்டால் அந்த வீட்டில் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. செண்பகத்துக்கு ஒரு தம்பி இருந்தான். பக்கத்து ஊரில் வேலை. ஒரு மணி நேர பஸ்.

“வந்தானா?” என்று தினமும் கேட்டேன்.

“வரலடா.”

“ஏன், பஸ்ஸு ஓடலியா? என்ன தம்பி இவன், தண்டம். எதுக்கு இப்பிடி ஒரு கேரக்டர வச்சிருக்காங்க?”

“ஆமா, தண்டந்தான்” என்று அக்கா போனை வைத்தாள்.

ஆய்வகத்தில் பன்னீர் ஒருநாள் சந்தேகம் கிளப்பினான். “மச்சான், எங்க வூட்ல அந்தச் செண்பகம் கோமாவுல கெடக்கறான்னு சொல்றா. நீ என்னமோ பி.எட்.டுங்கற.”

“உங்க வீட்ல வேற சேனல் பாக்கறாங்க பன்னீர்” என்றேன், ஒரு மேதாவிச் சிரிப்போடு. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது. தொடரில் காட்டுவதுபோல மூன்று கோணத்திலும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் போய்விட்டது. செண்பகம் அதை மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள். அப்புறம் கதை வேறு பக்கம் போனது. குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முட்டி வலி. நான் விடவில்லை. “அந்த விண்ணப்பம் என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “கதை எழுதறவங்க மறந்துட்டாங்கபோல” என்பாள்.

2009-இல் எனக்குக் கல்யாணம் ஆனது. சீரில் ஒரு டிவி வந்தது. பகல் ஷிஃப்டும் கிடைத்தது. பெரிய மனுஷன்போல அக்காவுக்கு போன் போட்டு, “இனிமே நீ கஷ்டப்பட வேணாம்க்கா, நானே பாத்துக்கறேன்” என்றேன். “சரிடா” என்றாள். பச்சை போனில் எட்டே முக்கால் அத்தோடு முடிந்தது.

பிறகு நானே பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவே நாக்கு கூசுகிறது. செண்பகம் பட்டுப் புடவையோடு தூங்கினாள், நகை கழற்றாமல். அவளுக்கு ஓர் இரட்டைப் பிறவி முளைத்திருந்தது. பாயசத்தில் விஷம் கலந்தார்கள். அதே வாரம் இன்னொருத்தி அதே பாத்திரத்தில் இன்னொரு விஷம் கலந்தாள். யாராவது ஒருவர் “என்ன?” என்றால் வீட்டிலிருக்கும் பதினொரு முகத்தையும் இடியோடு காட்டி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். செத்தவர்கள் திரும்பி வந்தார்கள். வராதவர்களுக்கு ஆள் மாற்றினார்கள். திடீரென்று படம் உறைந்து, ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடும். மாமனாருக்கு மூன்று பேர், புருஷனுக்கு இரண்டு பேர். ஒருநாள் குழந்தையைக்கூட மாற்றினார்கள். காலையில் ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போனது, சாயங்காலம் வேறு ஒன்று வந்தது. பெற்ற தாய் அதைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

2011 கடைசியில் புயல் அடித்தபோது எங்கள் பக்கம் பல நாள் மின்சாரமில்லை. கரண்ட் வந்ததும் ஓடிப்போய் டிவியைப் போட்டேன். புயலுக்கு முதல் நாள் தாலியை எடுத்த கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. ஊரில் விழுந்த முந்திரி மரங்களையெல்லாம் அறுத்து அடுக்கிவிட்டார்கள், இவர்களால் ஒரு முடிச்சுப் போட முடியவில்லை. குமட்டியது. குமட்டிக்கொண்டே பார்த்தேன், அதுதான் இன்னும் கேவலம். 2012-இல் தொடர் முடிந்த அன்று, முதன்முதலாகக் குடிகாட்டிலிருந்து கழனிக்காற்றுப் பக்கம் பஸ் திரும்பினதுபோல மூச்சு வந்தது. “நல்லா போயிட்டிருந்த கதையக் கெடுத்து நாசம் பண்ணிட்டானுங்க” என்று அக்காவிடம் கொதித்தேன். அவள் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை.

மறுபடி பூண்டுக்கு வருகிறேன். என் மனைவி, “தொடர்னாலே குப்பைதான்” என்று சொல்ல, எனக்குப் பொறுக்கவில்லை. “2007-ல ஒரு வருசம் ஓடுச்சு பாரு, பி.எட். கதை, அதப் பாத்துட்டுப் பேசு” என்று சவால் விட்டேன். பழைய பாகங்கள் எல்லாவற்றையும் யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் தேடினேன். பி.எட். இல்லை. விண்ணப்பம் இல்லை. தம்பியே இல்லை, செண்பகம் வீட்டுக்கு ஒரே பெண். அந்த வருடம் முழுக்க அவள் உதட்டுச் சாயத்தோடு கோமாவில் கிடந்தாள். பன்னீர் மனைவி சரியான சேனலைத்தான் பார்த்திருக்கிறாள்.

என் அக்காவும் பி.எஸ்சி. கணக்கு. அவள் வீட்டிலிருந்தும் கல்லூரி நடந்து போகிற தூரம். நானும் ஒரு மணி நேர பஸ்.

அன்றும் கை முழுக்கப் பூண்டு நாற்றத்தோடு அவளுக்கு போன் போட்டேன்.

“அக்கா, அந்த பி.எட். கதை தொடர்லயே இல்லியே.”

“ம்.”

“அப்ப நீ பாத்தது?”

“நான் எங்கடா பாத்தேன். மாமனாரு ரிட்டையர் ஆகி வந்ததுலேருந்து எட்டு மணிக்கு நியூஸுதான். நான் தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன்.”

“நேரா சொல்லியிருக்கலாம்ல?”

“போனுக்குப் பக்கத்துல ஈசி சேருல மாமனாரு. எப்பிடிச் சொல்றது? நான் ஏதோ பக்கத்து வூட்ல கேட்ட தொடர் கதையச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு ஒருநாள் அவரே சொன்னாருடா, பாவம்மா அந்தப் பொண்ணு, படிக்க வச்சா என்னவாம்னு” என்றாள்.

அந்த மாமனார் இப்போது இல்லை, ஈசி சேரும் இல்லை. அரிசி டிரம் துருப்பிடித்து, எடைக்குப் போட்ட அன்று அடியிலிருந்த காகிதமும் போய்விட்டது என்கிறாள். சாயக் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. ஆய்வகத்து ஜன்னலில் கொடி ஏறியிருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பச்சை போன் எங்கே போயிற்றோ. நான் கேட்டதிலேயே நல்ல தொடரை நானே ‘வேணாம்க்கா’ என்று நிறுத்தியிருக்கிறேன்.

அழுகை வந்துவிடக் கூடாதே என்று வழக்கம்போலக் கிண்டலில் இறங்கினேன். “அந்தத் தொடர்ல எல்லாருக்கும் ஆள மாத்தினாங்க. உன் கதையில அந்தத் தண்டத் தம்பிய மட்டும் நீ மாத்தியிருக்கலாம்ல?”

“எனக்கு வேற தம்பி ஏது” என்றாள்.