குடைக்கம்பி

காந்தமானியைச் சுமந்து நடப்பவர் உடம்பில் பொட்டு இரும்பு இருக்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாருமே ஆண்கள். பெல்ட், சாவிக்கொத்து, பேனாக்கத்தி, செல்போன், அதோடு அவர்கள் பட்டியல் முடிந்துவிட்டது. ஊக்கு அதில் இல்லை. ஒரு பெண்பிள்ளை உடம்பில் எங்கெங்கே ஊக்கு இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் என் கருவி மட்டும் கிறுக்குப் பிடித்த மாதிரி எண் காட்டியது. நானாகத்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து துப்பட்டா ஊக்கு, வளையலில் அவசரத்துக்கு மாட்டிவைத்த ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வரப்பில் வைத்துவிட்டு, துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

அடுத்த விதி, பக்கத்தில் யாரும் வரக்கூடாது. வருகிறவர் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? ஆகவே பொட்டலில் கருவி மாட்டிய கம்பத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக நடக்க வேண்டும், நிற்க வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். பூமிக்குள் காந்தம் பிடிக்கிற இரும்புக்கல் இருந்தால் எண் ஏறும். இந்த நடையில்தான் எனக்கு முடி நரைத்தது. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் காட்டுக்குள் முகாம் முகாமாக மாறிக்கொண்டிருந்தேன். "அந்த மிசினையே கட்டிக்க, அதுவும் கிட்டக்க வேற யாரையும் விடாது" என்று அம்மா போனில் சொல்வாள். அவள் கேலிக்குச் சொன்னது எனக்குச் சில சாயங்காலங்களில் வலித்திருக்கிறது.

அம்மா இறந்தபிறகு காளையார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் அப்பா ஒற்றை ஆளாகிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பூசைக்கு முன்வரிசையில் போய் உட்கார்வார், வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. இந்த நேரத்தில்தான் எங்கள் கம்பெனிக்குக் காளையார்கோவிலுக்கு மேற்கே ஒரு பாறைமேட்டில் இரும்புத்தாது தேடும் அனுமதி கிடைத்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கணக்கு எளிது. தாது போதுமான அளவு இருந்தால் வேலை வருடக்கணக்கில் நடக்கும், நான் அப்பாவோடு இருப்பேன். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப ஒடிசா. இதை அப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. அன்றிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

"இருக்கா?"

வேறு சொல் எதுவும் சேர்க்கமாட்டார். காபித் தம்ளரை நீட்டும்போது "இருக்கா?". வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது "இருக்கா?". தெரியலப்பா, பாக்கணும்ப்பா என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

காலையில் நான் மேட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் அவருடைய டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கும். கைப்பிடியில் பெரிய கறுப்புக் குடை தொங்கும்.

"வெயில் இந்தக் காச்சுக் காச்சுது. நான் குடையப் பிடிச்சுக்கிட்டே கூட வாரேன், நீ பாட்டுக்கு நட."

"குடைக்கம்பி இரும்புப்பா. வண்டி இரும்பு. நீங்க அங்குட்டே நில்லுங்க."

"அங்குட்டுன்னா எங்குட்டு?"

"அந்தப் பனைமரத்துக்கிட்ட."

பனைமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு, தனக்குத்தானே குடையைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்பார். நான் வெயிலில் நடப்பேன். குரலை உரக்க எழுப்பினால்தான் கேட்கும் என்கிற தூரம் அது. அவர் அதையும் எழுப்பமாட்டார், கருவி கெட்டுவிடும் என்று பயம். குரலில் இரும்பு கிடையாதப்பா என்று ஒருநாள் சொன்னேன். "எனக்கென்ன தெரியும், நான் தமிழ் வாத்தியாரு" என்றார்.

ஒரு சனிக்கிழமை காரைக்குடிக்குப் போய்க் கடைகடையாய் ஏறி இறங்கி, ஃபைபர் கம்பி போட்ட குடை ஒன்றை வாங்கிவந்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு. நான் கல் பார்க்க வைத்திருக்கும் சின்னக் காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். விரிகிற கம்பிகள் ஃபைபர்தான். நடுத்தண்டு டக்கென்று ஒட்டிக்கொண்டது. அப்பா அதை மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். அந்தக் காந்தத்தை நான் எடுத்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

மேட்டில் தாது இருந்தது உண்மை. கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட பாறை, வெளியிலேயே துருத்திக்கொண்டு தெரிந்தது. எந்திரம் வைத்துத் துளை போட்டு உருளை உருளையாகக் கல் எடுத்தோம். அவற்றைப் பெட்டியில் அடுக்கிக் காரைக்குடியில் வாடகைக்குப் பிடித்திருந்த ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் வைத்திருந்தோம். வாரத்தில் பாதி நாள் அங்கே நான் மட்டும் கல்லோடு உட்கார்ந்திருப்பேன். அத்தனை பெரிய வீட்டில் ஒரு கல்லைத் திருப்பி வைத்தால் அந்தச் சத்தம் முகப்பு வரை போய்த் திரும்பிவரும். சென்னையிலிருந்து வீட்டுக்கார ஆச்சி அடிக்கடி கூப்பிடுவார். "பெட்டியத் தரையில இழுக்காதீக ஆத்தா, பூக்கல்லு கீறிரும்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். சில நாள் அது ஒன்றுதான் எனக்கு வந்த பேச்சு. அந்த அழைப்புக்காகக் காத்திருந்த நாளும் உண்டு.

இருப்பைக் கணக்கிடுவது பெரிய வித்தை இல்லை. தாதுப்படுகையின் நீளம், அகலம், ஆழம், கல்லின் கனம், இரும்பின் பங்கு, எல்லாம் பெருக்கல்தான். கஷ்டம் என்னவென்றால் துளைக்கும் துளைக்கும் நடுவே என்ன கிடக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. துளைகள் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று எழுதுவோம், வரைபடத்தில் முழுக்கோடு போடுவோம். தள்ளித் தள்ளி இருந்தால் ஊகம் என்று எழுதிப் புள்ளிக்கோடு. கூடிய சீக்கிரம் புள்ளிகளைக் கோடாக்கச் சொல்லித்தான் எங்களுக்குச் சம்பளம்.

மேட்டின் மேற்குப் பக்கம் படுகை மெலிந்து மெலிந்து காணாமல் போய்விட்டது. மேடு மட்டும் என்றால் சுரங்கத்துக்குத் தேறாது. கிழக்கே வயல்களுக்கு அடியில் அது தொடர்ந்து போனால்தான் உண்டு. கிழக்கே நடந்தேன். வெகுதூரம் ஒன்றுமில்லை. பிறகு கண்மாய்க் கரையோரம் ஒரு தரிசில், கறுப்பர் கோயிலுக்குப் பின்புறம், எண் சரசரவென்று ஏறியது. ஊக்கு எதுவும் மாட்டியிருக்கிறேனா என்று உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். இல்லை. திரும்பவும் அமுக்கினேன், அதே எண்.

அந்தத் தரிசும் கோயிலும் ஒரு விவசாயக் குடும்பத்துக்குப் பாத்தியம். அந்த வீட்டுப் பெரியவர்தான் கோயிலில் சாமியாடுகிறவரும். அன்றைக்கே அவரைப் பார்த்துக் கேட்டேன், ஏனென்றால் கேட்காமல் இருப்பது என் தொழிலில் பாவம்.

"அண்ணே, இந்த எடத்துல இரும்பு ஏதும் புதைச்சிருக்கா? பழைய பம்புசெட்டு, குழாய், கம்பி, அந்த மாதிரி?"

அவர் நன்றாக யோசித்துத்தான் சொன்னார். "இரும்பா? இங்குட்டு ஒண்ணும் இல்லையே தாயி. எங்க அப்பாரு காலத்துலருந்து இந்த எடத்துல கலப்பையே வச்சதில்ல."

நடுவே படுகை ஆழத்தில் இறங்கிப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு, மேட்டையும் தரிசையும் இணைத்துப் புள்ளிக்கோடு போட்டேன். புள்ளிக்கோட்டுக்குள் இருந்ததைக் கணக்குப் போட்டால், நான் ஓய்வு பெறும் வரைக்கும் வேலை இருந்தது. எண் ஏறிய விதம் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஒரு எட்டு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் எண் மலை மாதிரி எழும்பியது; ஆழத்துப் படுகை என்றால் மெல்ல மெல்லத்தான் ஏறும். இங்கே படுகை அதிக ஆழமில்லாமல் மேல்மண்ணை ஒட்டியே கிடக்கிறது போலும், துளை போட்டால் தெரிந்துவிடும் என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன். வீட்டில் அப்பா கேட்டார்.

"இருக்கா?"

"இருக்கும்போலத்தான் தெரியிதுப்பா. துளை போட்டுப் பாத்தாத்தான் சொல்லலாம்."

அவர் முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டார். அந்த வாரமே நெல் மூட்டை கிடந்த அறையை ஒழித்து வெள்ளையடித்தார். காரைக்குடியிலிருந்து வேனில் ஒரு பீரோ வந்து இறங்கியது. என் துணிமணிக்காம். இத்தனை வருடமாக என் துணிகள் இருந்ததெல்லாம் சூட்கேஸில்தான். புது பெயின்ட் வாசனை வீசும் அந்தப் பீரோவைத் திறந்து வெற்றுத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது.

எந்திரம் தரிசுக்கு வந்த காலையில் சாமியாடிப் பெரியவர் வேகமாக நடந்துவந்தார். கோபமில்லை, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"தாயி, இந்த எடம் மட்டும் வேணாம். எங்க நெலந்தேன், இப்பிடித் தள்ளி எங்குட்டு வேணாப் போட்டுக்கங்க. இங்குட்டு அய்யா படுத்திருக்காரு."

"அய்யா படுத்திருக்காரா?"

"ஆமா தாயி. சனங்க நேந்துக்கிட்டு அய்யாவுக்கு அருவா செஞ்சு சாத்துதுகள்ல? புதுசு வரவர, துருவேறிப்போன பழசக் கோயில்ல வைக்க எடமில்ல. அதுக்காகக் காயலாங்கடைக்கா போட முடியும்? குழி வெட்டி இங்குட்டுத்தான் படுக்க வைக்கிறது. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து."

ஆள் உயர அரிவாள்கள், தலைமுறை தலைமுறையாக.

"அண்ணே, அன்னிக்கு நான் கேட்டேன்ல, இரும்பு ஏதும் புதைச்சிருக்கான்னு?"

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நீங்க இரும்பையில்ல கேட்டீக? அய்யாவப் போயி இரும்புன்னு சொல்லுவாகளா?"

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை. எங்கள் வீட்டில் மூக்கு உடைந்த மாதா சுரூபத்தை அம்மா குப்பையில் போடவிடவில்லை. மந்திரித்தது என்று சொல்லி முருங்கைமரத்தடியில் குழி தோண்டி வைத்தாள். அங்கே என்ன புதைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், சாந்துப் பொம்மை என்றா சொல்லியிருப்பாள்?

அய்யா படுத்திருந்த இடத்தை விட்டு இரண்டு பக்கமும் துளை போட்டோம். வெறும் பாறை. மேட்டுக்கும் தரிசுக்கும் நடுவிலும் போட்டோம். அங்கேயும் அதே பாறைதான். புள்ளிக்கோட்டை நானே அழித்தேன். மிஞ்சியது மேடு மட்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பதில் இரண்டு வரி, இங்கே மூடிவிட்டு ஒடிசாவுக்கு வரவும்.

வரைபடத்தில் அந்த இடத்தைச் சுத்தமாகக் குறித்துவிட்டுப் போகலாம் என்று கடைசியாக ஒருமுறை தரிசில் நடந்தேன். குழியின் விளிம்பு கருவியில் அப்படியே தெரிந்தது, எங்கள் வீட்டு அடுப்படி அளவுதான் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டது. கண்மாய்க் கரையில் அப்பா. வண்டியை அங்கேயே நிறுத்தி, பழைய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளில் முதல்முறையாகக் குரல் கொடுத்தார்.

"இருக்கா?"

அவரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இல்லப்பா!" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. குடைக்குள் முகம் தெரியவில்லை. பீரோவை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப மிசினு வேல முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"இப்பக் கிட்டக்க வரலாமா?"

"வாங்கப்பா."

தரிசின் முள்ளுக்குள் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். வந்ததும் குடையை முழுக்க என் பக்கம் சாய்த்துப் பிடித்தார், அவர் தோளில் வெயில் அடித்தது. கை சும்மா இருக்கமாட்டாமல் பழக்கத்தில் பொத்தானை அமுக்கினேன். தலைக்கு மேல் குடைக்கம்பி இருக்க, எண் எகிறியது. அப்பா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, இருக்குல்ல?" என்றார்.

"இருக்குப்பா" என்றேன்.