அழித்தும் போகாத ஃபைல்

நானும் என் அண்ணியும் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'எட்டிப்பார்'. வீட்டிலும் அப்படித்தான். மூடியிருக்கும் டப்பாவைத் திறந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அண்ணன் ஒளித்து வைத்த எதுவும் இதுவரை தப்பியதில்லை.

தட்டச்சு வேலைக்கு வந்தவர். எல்லா முடிவுகளும் சேரும் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, அதன் கறுப்புத் திரையின் முன்னால் தானாகவே போய் உட்கார்ந்தார். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்டினால் பதிலும் எழுத்தாகவே வரும். தப்பாகத் தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்றுவிடும்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிடுது தம்பி. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். எனக்கோ அதைப் பார்த்தாலே தலை சுற்றும். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம், அங்கே என்னென்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அண்ணி அடுத்த கட்டளையைத் தட்டுவார்.

ஒருநாள் காலை சர்வரில் இடம் நிரம்பி, முடிவுகள் அச்சாகாமல் நின்றன. கவுண்டரில் என் முன்னால் ஒரு இளம் தகப்பன். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு மஞ்சள் காமாலை. குதிகாலில் குத்திப் பிழிந்து பிழிந்து எடுத்த சொட்டு ரத்தம் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. "மறுபடி குத்தணும்னு சொல்லிடாதீங்க சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் உள்ளே ஓடி அண்ணியை அவசரப்படுத்தினேன்.

இடம் பண்ணுவதற்காக அவர் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். ஒன்றில் பழைய குப்பைப் பதிவுகள், இன்னொன்றில் அன்றைய முடிவுகள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எங்கே நிற்கிறோம் என்று கேட்காமலே அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார். தட்டிய பிறகு கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. அன்றைய முடிவுகளைக் காணோம்.

கூடத்தின் தலைவர் வந்து நின்றார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா. எல்லாம் சரியாயிடும்."

"ஒரு நிமிஷம் சார். இவ்வளவு பெரிய ஃபைல் போயிருக்கு. ஆனா காலியிடம் கொஞ்சம்கூட ஏறல. ஏன்?"

"ஏதோ ஒண்ணு! ஆராய்ச்சி பண்ற நேரமா இது?" என்று நான்தான் கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

"போயிருந்தா இடம் வந்திருக்கணும் தம்பி. வரலைன்னா, இன்னும் போகல."

யார் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வரிடம் கேட்டார். மளமளவென்று வரிகள் ஓடின. நடுவில் ஒரு வரியில் 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. ஆனால் முடிவுகளை எழுதும் புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் விடவில்லை. பெயர்தான் போயிருந்தது, உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. தலைவர் சொன்னபடி நிறுத்தியிருந்தால் அந்தப் பிடி விட்டுப்போய், அந்த நொடியே எல்லாம் போயிருக்கும். அந்தப் புரோகிராமின் பிடி வழியாகவே உள்ளே புகுந்து, எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தார் அண்ணி. பிறகு, ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, குப்பையை அழித்தார்.

பிரின்டர் கடகடத்தது. தாளை வாங்கிய தகப்பன் படிக்கக்கூட நிற்காமல் வார்டுக்கு ஓடினான்.

நான் உள்ளே போனபோது அண்ணி திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"குழந்தைய மறுபடி குத்தலையே?"

"இல்ல அண்ணி."

அப்போதுதான் அவர் விசும்பி விசும்பி அழுதார்.