கொடிமலையில் ஒரு வெளிநாட்டுப் பயணி

கப்பல் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று டிக்கெட் எடுத்துக்கொடுத்த மகனிடம் நான் கேட்கவே இல்லை. நீங்களும் அம்மாவும் சிங்கப்பூரில் ஏறி தாய்லாந்தின் பூக்கெட் போகிறீர்கள் என்றான். அது போதுமென்று எங்கள் ஊர் அலோர் ஸ்டாரில் தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் வெளிநாடு போவதாகத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

பாடாங் செராயில் இருக்கும் தங்கையிடமும் அப்படித்தான். அவள் மகளுக்குப் பரிசம் போடும் நாள், நான் கப்பலில் இருக்கும் நாளாக வந்து சேர்ந்தது. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணைச் சபையில் உட்காரவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இருக்கிற ஒரே மாமன் நான்.

"கப்பல வேற நாளைக்கு மாத்த முடியாதாண்ணே?" என்று கேட்டாள்.

"வெளிநாட்டுப் பயணம்லா, நெனச்ச மாதிரி மாத்த முடியுமா?" என்றேன். கேட்டுப் பார்த்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவில்லை.

"சரிண்ணே, பதினோரு மணிக்கு வீடியோ கால்ல வாங்க. மாலைய போன்ல தொட்டுட்டு நானே போட்டு விடுறேன்" என்றாள்.

பரிசத்தன்று காலை கேபின் திரையை விலக்கினேன். எதிரே பினாங்கு. பஸ்ஸில் பத்து மணி நேரம் தெற்கே சிங்கப்பூர் போய், கடலில் ஒரு நாள் மிதந்து, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வரக்கூடிய ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

மனைவிக்கு அந்தக் குழப்பமே இல்லை. "என்னங்க, ஒரு வாடகைக் காடி புடிச்சா ஒரு மணி நேரத்துல பாடாங் செராய். கப்பல் அஞ்சு மணிக்குத்தானே கெளம்புது? மாலைய போட்டுட்டு ஓடி வந்துடலாம்."

சரிதான் என்று பட்டது. அடுத்த நிமிடமே, கையில் சீர்த்தட்டு இல்லாமல், அரைக்கால் சட்டையோடு சம்பந்தி வீட்டார் முன்னால் போய் நின்று, நான் சொன்ன வெளிநாடு பினாங்குதான் என்று எப்படிச் சொல்வது என்று உடம்பு கூசியது. காலணியை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். கடைசியில், சட்டையில் எண் ஒட்டிய வெள்ளைக்காரர்களோடு சுற்றுலா பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ரப்பர் மரத்தில் பால் எப்படி இறங்குகிறது என்று வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்றார் பக்கத்து இருக்கைக்காரர். மலேசியா என்றேன். இதுவும் மலேசியாதானே என்றார். ஆமாம் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு மலை ரயிலில் பினாங்கின் கொடிமலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். மேலிருந்து கடலுக்கு அக்கரை பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பக்கம் எங்கோ தங்கை வீட்டுப் பந்தல் இருக்கிறது. மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு ஒரு வெற்றுச் சுவரைத் தேடிப் பிடித்து, முதுகை ஒட்டிக்கொண்டு தங்கையை அழைத்தேன்.

"கப்பல்லேர்ந்தா பேசுறீங்க, மாமா?" என்று கேட்டாள் மணப்பெண்.

"ஆமாம்மா, நடுக்கடல்" என்றேன்.

தங்கை மாலையைப் போனில் தொட்டாள். திரை முழுக்க மல்லிகை. பிறகு அது பெண்ணின் கழுத்தில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை மறந்து சுவரை விட்டு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வதிக்கப்போய், கையிலிருந்த போன் மலை ரயிலடிப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டது.

எல்லாரும் சாப்பிடப் போனதும் தங்கை போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ஆச்சும்மா."

அவள் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு, "கீழ எறங்குற ரயிலுக்கு மத்தியானத்துல வரிசை நீளமா நிக்கும். கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. அண்ணிக்கு முட்டி வலில்ல" என்று சொல்லி, போனை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?" என்று மனைவி கேட்டாள்.

"நல்லா சுத்திப் பாத்துட்டு வரச் சொன்னா" என்றேன்.