மூடியிருந்த டேப்

அப்பா போனபிறகு ஆறு வருசமாக அவருடைய மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கு இதைக் கிளப்பாமல் விடுவதில்லை என்று இறங்கினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். காரமடையில் வாங்கிய புது பிளக்கை மாட்டினேன். வறண்டு கிடந்த டேங்கில் பெட்ரோல் ஊற்றி, கால் மரத்துப்போகும்வரை உதைத்தேன். ஒரு உறுமல்கூட வரவில்லை.

“சனியனே, நீ இரும்புக்கடைக்குத்தான் லாயக்கு!” என்று வண்டியைப் பார்த்துக் கத்தினேன்.

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். “ஏன் அம்மணி, பெட்ரோல் டேப்பத் தொறந்தியா? உங்கய்யன் வண்டிய நிறுத்துனா அத மூடாம எறங்கமாட்டாங்க.”

குனிந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. கடைசியாக அதைத் திருகியது அப்பாவின் கை. தொடவே மனசு வரவில்லை. அதன்மேல் படிந்திருந்த தூசியை ஊதிவிட்டுத் திறந்தேன்.

மூன்றாவது உதைக்கு வாசலெல்லாம் புகை. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கோயில்வரை ஒரு சுற்று போய்வந்தேன்.

வண்டியை நிறுத்தியதும் என் கையும் தானாக டேப்புக்குப் போனது.

“மூடாத கண்ணு,” என்றாள் அம்மா. “நாளைக்கும் போலாமுல்ல.”