பழவேற்காட்டில் கொடுவாவுக்கு ஓர் இறால், டில்லிக்கு ஒரு முள்

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு ஏரியில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடப் போனோம். நானும் டில்லியும் கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டி அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளிகள். மறுநாள் வேறொரு கம்பெனியில் அவனுக்கு மெடிக்கல். தேறினால் நிரந்தர வேலை. பிரஸ் ஷாப்பிலிருந்து வருகிறவர்களின் விரல்களை அங்கே மடக்கி நீட்டிப் பார்ப்பார்களாம். மெஷினுக்குத் தடுப்பு வைக்க எவருக்கும் மனசு வராது. மிச்சமிருக்கும் விரலைச் சோதிக்க மட்டும் டாக்டர் உண்டு. கவலையில் டில்லிக்குத் தூக்கம் போயிருந்தது. அதனால்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

கும்மிடிப்பூண்டியில் காலை முதல் மின்சார ரயில் பிடித்துப் பொன்னேரி. அங்கே நாஷ்டா முடித்து பஸ். சுமார் இருபது கிலோமீட்டர். ஏரியில் சுற்றுலாப் படகுக்கு அனுமதியில்லை, யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். பாலத்துக்குப் பக்கத்துக் கரையே போதும்.

இரை வாங்குவதில்தான் முதலில் மாட்டினோம். மார்க்கெட்டில் வாங்கிய இறாலை ஐஸ் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். கரையில் உயிர் இறால் விற்ற அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாப்பா இது, கொடுவாவுக்குப் பொணத்த எட்துகினு வந்துகீற?"

"எல்லாம் இறால்தானேக்கா?"

"உனுக்குத்தான் எறா. அதுக்கு துள்ளணும். இத்த கிழங்கானுக்குப் போடு, பேசாம துன்னும்."

அவர் சொன்னது சரிதான். கிழங்கான் சின்ன மீன், தூண்டில் முள்ளும் சின்னதாக இருக்க வேண்டும். இறாலை உரித்து, நகத்தளவு துண்டாக்கி, முள் வெளியே தெரியாமல் கோக்க வேண்டும். ஈயக்குண்டு தரையில் கிடக்கட்டும். தூண்டில் நரம்பை மெதுவாக இழுங்கள். அரைமணிக்குள் ஏழெட்டு மாட்டின.

கொடுவாவுக்கு அக்காவிடம் ஐம்பது ரூபாய்க்கு உயிர் இறால் வாங்கினோம். தலையில் கொம்புக்குக் கீழே கறுப்பாகத் தெரியும் புள்ளியில் முள் பட்டால் இறால் செத்துவிடும். அதைத் தவிர்த்து, கொம்பின் அடியில் குறுக்காகக் குத்துங்கள். ஈயம் வேண்டாம், அது தானாக நீந்தட்டும்.

டில்லி போட்ட இரண்டாவது இறாலை ஒரு கொடுவா அடித்தது. ஒரு கிலோ இருக்கும். கரைக்கு இழுத்ததும் வெறுங்கையால் அமுக்கி முள்ளைக் கழற்றப் போனான். மீன் ஒரே உதறல். அதன் வாயிலிருந்து கழன்ற முள் அவனுடைய வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. முள்ளின் உள்பக்கத்தில் எதிர்த்து நிற்கும் சின்ன நாக்கும் சதைக்குள் போயிருந்தது.

"மச்சி, நாளைக்கு மெடிக்கல்டா," என்றான். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். ஞாயிறென்றாலும் டாக்டரம்மா இருந்தார்.

"பிடிச்சு இழுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லவேளை."

மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளின் முனையை முன்பக்கமாகவே தள்ளி வெளியே கொண்டுவந்து, நாக்கை நறுக்கிவிட்டு, வந்த வழியே உருவினார். டெட்டனஸ் ஊசியும் போட்டார். "மடக்குங்க" என்றார். விரல் முழுசாக மடங்கியது. நான் சட்டைப் பையில் கைவிட்டுப் பணத்தை எடுத்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. எங்கள் ஷாப்பின் முதலுதவிப் பெட்டியில் காலி டிங்சர் பாட்டில் மட்டும்தான் இருக்கிறது.

நீங்கள் போனால், இரை கோக்கும் முன்பே அந்த நாக்கைக் குறடால் நசுக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் தப்பும், போகட்டும். மீனை ஈரத்துணியால் பிடியுங்கள். குத்திவிட்டால் நீங்களே இழுக்காதீர்கள்.

திங்கள் மதியம் டில்லி போன் செய்தான்.

"கையில இன்னா கட்டுன்னாருடா அந்த கம்பெனி டாக்டரு. முள்ளு குத்திச்சு சார்னேன். இன்னா முள்ளுன்னாரு. கொடுவா புடிச்சப்பன்னு சொல்ல வந்தவன், கொடுவான்னதோட நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"மடக்கி நீட்டிப் பாத்தாரு. 'பாத்து சாப்பிடக் கூடாதாய்யா'ன்னுட்டு கையெழுத்துப் போட்டாரு மச்சி."